‘லூசிங் மை மைண்ட்’ பாட்டும் அந்த வெள்ளி நிற கவுனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூயார்க்கின் பிராட்வே மேடையில் வந்த ‘ஃபாலிஸ்’ என்ற இசை நாடகத்தில் வரும் ‘லூசிங் மை மைண்ட்’ பாட்டைப் பற்றி நான் எங்கே பேசினாலும் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. நான் நாடகங்களுக்கு உடை தைப்பவள். அதனால் பேச்சு எப்படியும் அந்தப் பாட்டைப் பாடும் சாலி என்ற பாத்திரம் போட்டிருக்கும் கவுனில் போய் நிற்கும். கேள்விகள் அதிகம் வருவதும் அங்கேதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, பதில்களைத் தொகுத்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது.

‘ஃபாலிஸ்’னா என்ன நாடகம்? கதையைச் சுருக்கமா சொல்லுங்க.

நியூயார்க்கில் ஒரு பழைய அரங்கத்தை இடிக்கப் போகிறார்கள். அந்த இடத்தில் கார் நிறுத்துமிடம் வரப்போகிறது. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் அங்கே ஆண்டுதோறும் ‘ஃபாலிஸ்’ என்ற பெயரில் பெரிய ஆடல் பாடல் காட்சி நடந்தது. இடிப்பதற்கு முன்னால் அதன் உரிமையாளர் வைஸ்மன், அதில் ஆடிய பெண்களையெல்லாம் ஒரு இரவு விருந்துக்கு அழைக்கிறார். வந்தவர்களில் இரண்டு தம்பதிகளைச் சுற்றித்தான் கதை: சாலியும் பட்டியும், ஃபிலிஸும் பென்னும். இளமையில் நால்வரும் நண்பர்கள். சாலி காதலித்தது பென்னை. பென் ஃபிலிஸைக் கல்யாணம் பண்ணிக்கொண்டார். சாலி பட்டியைக் கட்டிக்கொண்டாள். 30 வருஷம் கழித்து, பென்னைப் பார்க்கலாம் என்ற ஒரே நினைப்பில் சாலி அந்த விருந்துக்கு வருகிறாள். அவர்களுடைய இளம் வயது உருவங்களும் அதே மேடையில் ஆவிகளைப் போல நடமாடுகின்றன; அவற்றை வேறு நடிகர்கள் நடிக்கிறார்கள்.

1971 ஏப்ரல் 4 அன்று விண்டர் கார்டன் அரங்கில் நாடகம் தொடங்கியது. இசையும் பாடல்களும் ஸ்டீஃபன் சாண்ட்ஹைம், கதை வசனம் ஜேம்ஸ் கோல்ட்மன், இயக்கம் ஹெரால்ட் பிரின்ஸும் மைக்கேல் பென்னட்டும். 522 காட்சிகள் நடந்தும் போட்ட பணம் திரும்பவில்லை. வைஸ்மன் கற்பனைப் பாத்திரம்தான். ஆனால் அவருக்கு மாதிரி, 1907 முதல் ‘ஃபாலிஸ்’ காட்சிகளை நடத்திய ஃப்ளாரன்ஸ் சீக்ஃபெல்ட்.

டார்ச் சாங், டார்ச் சாங்னு சொல்றீங்களே, அது என்ன வகைப் பாட்டு?

கைவிட்டுப் போனவனை, அல்லது கிடைக்கவே போகாதவனை நினைத்து ஒருத்தி தனியாக நின்று பாடுவது. அவன் எதிரில் இருக்க மாட்டான். அவளுக்கு ஆசையும் விட்டுப்போயிருக்காது. 1920-களிலும் 30-களிலும் அமெரிக்க இரவு விடுதிகளிலும் மேடைக் காட்சிகளிலும் இது தனி வகையாகவே வளர்ந்தது. பியானோ மேல் ஏறி உட்கார்ந்து பாடிய ஹெலன் மோர்கன் அந்தக் காலத்தின் பெரிய பெயர்.

இந்த வகைக்கு ஒரு தோற்றமும் உண்டு. ஒருத்தி, ஒரு கவுன், அவள் மேல் ஒரே ஒரு விளக்கு வெளிச்சம், சுற்றிலும் இருட்டு. ‘லூசிங் மை மைண்ட்’ காட்சி இந்தத் தோற்றத்தை எடுத்து வேறு காரியத்துக்குப் பயன்படுத்துகிறது. அது என்ன காரியம் என்பதுதான் இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல வருவது.

பாட்டுல அப்படி என்னதான் சொல்றா?

ஒரு நாளைச் சொல்கிறாள். விடிந்ததும் அவன் நினைப்பு. காபிக் கோப்பையைக் கையில் எடுத்தால் அவன் நினைப்பு. மத்தியானம் முழுக்க சின்னச் சின்ன வீட்டு வேலை, அப்போதும் அவன்தான். சில சமயம் இடது பக்கமும் போகாமல் வலது பக்கமும் போகாமல் நடுவீட்டில் அப்படியே நின்றுவிடுகிறாள். ராத்திரி விளக்கைக் குறைத்துவிட்டுத் தூங்காமல் கிடக்கிறாள். என்னைப் பிடித்திருக்கிறது என்று அன்றைக்குச் சொன்னாயே, நிஜமாகத்தான் சொன்னாயா, இல்லை என் மனசு நோகக் கூடாதென்று சொன்னாயா, இல்லை எனக்குத்தான் புத்தி பேதலிக்கிறதா என்று கேட்டு முடிக்கிறாள்.

நிலா, நட்சத்திரம், மழை என்று எதுவும் கிடையாது. காபி, வீட்டு வேலை, விளக்கு சுவிட்ச், அவ்வளவுதான். அரிசோனாவில் ஃபீனிக்ஸ் ஊரில் குடித்தனம் நடத்தும் ஒரு பெண்ணின் நாள் இது. கவுனைப் பற்றிப் பேசும்போது இந்தக் காபிக் கோப்பை மறுபடி வரும்.

முதல்ல பாடினது யாரு?

டாரதி காலின்ஸ். 1950-களில் வாரம்தோறும் பிரபலமான பாடல்களைப் பாடும் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வந்து அமெரிக்க வீடுகளுக்கெல்லாம் பழகிய முகம். பக்கத்து வீட்டு நல்ல பெண் என்ற பேர் அவருக்கு. அந்தப் பேரோடு அவரைச் சாலியாகப் போட்டதே பெரிய யோசனை. இவள் சாதாரணமானவள், நம்மை மாதிரி ஒருத்தி என்று பார்வையாளர்கள் முதல் காட்சியிலேயே நம்பிவிடுவார்கள். அப்படி நம்பின பிறகுதான் அவளுக்கு வெள்ளி கவுன் போட்டுவிடுகிறார்கள்.

கவுன் எப்படி இருக்கும்? படத்தைப் பார்த்தா சும்மா பளபளன்னு இருக்கு, அவ்வளவுதானே?

உடம்போடு ஒட்டின, மணி வேலை செய்த, வெள்ளி நிற கவுன். 1930-களின் சினிமா நட்சத்திரம் ஒருத்தி போட்டிருப்பது போலவே இருக்கும். அந்தக் காலத்து ஜீன் ஹார்லோவை நினைத்துக்கொள்ளுங்கள். 1933-இல் வந்த ‘டின்னர் அட் எய்ட்’ படத்தில் ஏட்ரியன் வடிவமைத்த வெள்ளை சாட்டின் கவுனோடு வருவாரே, அந்த ஜாதி உடை.

பளபளப்பு மட்டும் இல்லை. இந்த மாதிரி உடை உடம்பை எங்கேயும் மறைக்காது. தோளிலிருந்து தரை வரைக்கும் ஒரே கோடு. உள்ளே பாவாடை போட்டால் அதன் நாடா முடிச்சு வெளியே தெரியும். குனிந்து ஒரு பாத்திரத்தை எடுக்க முடியாது, கால் அகட்டி நடக்க முடியாது. நின்று காட்டுவதற்கென்றே தைக்கிற உடை. அதைப் போட்டுக்கொண்டு அவள் வீட்டு வேலையைப் பற்றிப் பாடுகிறாள்.

யார் வடிவமைச்சது?

ஃப்ளாரன்ஸ் க்ளாட்ஸ். புரூக்ளினில் 1920-இல் பிறந்தவர். ஐரீன் ஷராஃப், லூசிண்டா பலார்ட் போன்ற பெரிய வடிவமைப்பாளர்களுக்கு நீண்ட காலம் உதவியாளராக இருந்து வந்தவர். ‘ஃபாலிஸ்’ உடைகளுக்காக 1972-இல் பிராட்வே நாடகங்களுக்கான பெரிய விருதான டோனி விருதை வாங்கினார். வாழ்நாளில் மொத்தம் 6 டோனி. அந்த வருஷம் ‘ஃபாலிஸ்’ 7 டோனி வாங்கியது. அரங்க அமைப்புக்கு போரிஸ் ஆரன்சன், விளக்குக்கு தாரன் மஸர். சிறந்த இசை நாடகம் என்ற விருது மட்டும் கை நழுவிப் போனது.

இந்த நாடகத்தில் அவர் செய்திருப்பது மூன்று உலகங்களுக்கான உடைகள். விருந்துக்கு வந்தவர்கள் போட்டிருப்பது 1971-இன் உடை. ஆவிகளாக உலவும் ஃபாலிஸ் பெண்களுக்குக் கறுப்பு வெள்ளை. கடைசிப் பகுதியில் வரும் கனவுக் காட்சிகளுக்கு ஒவ்வொருவருக்கும் தனி வேஷம். ஒரே மேடையில் இந்த மூன்றும் கலந்து நடமாடினாலும் பார்க்கிறவருக்கு யார் எந்தக் காலம் என்று குழப்பமே வராது. உடை தைக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், இது லேசுப்பட்ட வேலை கிடையாது.

துணி எப்படி உடம்புல அப்படி ஒட்டுது? எலாஸ்டிக்கா?

அந்தக் காலத்து கவுன்களில் எலாஸ்டிக் இல்லை. நம் டெய்லர்கள் கிராஸ் கட் என்று சொல்வதுதான். துணியில் பாவு நூல் நீளவாக்கில் ஓடும், ஊடை நூல் குறுக்கே ஓடும். அந்த இரண்டு திசையிலும் துணி இழுபடாது. மூலைவாக்கில் 45 டிகிரியில் பிடித்து இழுத்துப் பாருங்கள், கொடுக்கும். துணியை அந்தத் திசையில் வைத்து வெட்டினால் உடம்பு வளைகிற இடத்தில் துணியும் வளையும், மற்ற இடத்தில் தானாக விழும். பாரிஸில் உடை வடிவமைப்பாளர் மதலேன் வியோனே 1920-களில் முழு கவுனையே இப்படி வெட்டிக் காட்டினார். அடுத்த பத்து வருஷத்தில் ஹாலிவுட் அதை எடுத்துக்கொண்டது.

கிராஸ் கட்டுக்கு இரண்டு தொந்தரவு உண்டு. துணி அதிகம் வீணாகும். அப்புறம், தைத்த உடனே கீழ் ஓரம் மடித்து அடிக்கக் கூடாது. ஒரு நாளாவது தொங்கவிட வேண்டும். தொங்கும்போது சில இடம் அதிகமாக இறங்கும், சில இடம் குறைவாக இறங்கும். மணி வேலை இருந்தால் இன்னும் மோசம். கண்ணாடி மணிகளின் கனம் துணியைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். காலையில் தரையைத் தொடாமல் நின்ற ஓரம் மறுநாள் காலடியில் கிடக்கும்.

பார்ட்டிக்கு வந்த டிரஸ்லயே பாடியிருக்கலாமே. எதுக்கு கவுனுக்கு மாறணும்?

அதுதான் இந்தக் காட்சியின் உயிர். விருந்து முற்றி, நாலு பேரும் பழசையெல்லாம் கிளறிச் சண்டை உச்சத்துக்குப் போகும்போது அரங்கம் சட்டென்று மாறுகிறது. லேஸ் திரைச்சீலைகள், மென் நிறங்கள், பீங்கான் பொம்மை மாதிரி ஆடை போட்ட ஆண்களும் பெண்களுமாக ‘லவ்லேண்ட்’ என்ற கனவுலகம் இறங்குகிறது. அதில் நாலு பேருக்கும் ஒவ்வொரு காட்சி. பழைய ஃபாலிஸ் நிகழ்ச்சி மாதிரியே ஒவ்வொருவரும் தன் தன் கிறுக்கை மேடையேற்றிக் காட்டுகிறார்கள். சாலியின் கிறுக்கு, டார்ச் சாங் பாடும் நட்சத்திரமாக நிற்பது.

சாலி இளமையில் நட்சத்திரமாக இருந்தவள் கிடையாது. வரிசையில் நின்று ஆடிய பெண்களில் ஒருத்தி. வெள்ளி கவுன் அவளுடைய பழைய வாழ்க்கையிலும் இல்லை, இப்போதைய வாழ்க்கையிலும் இல்லை. 30 வருஷமாக ஃபீனிக்ஸில் வீட்டு வேலை பார்த்துக்கொண்டு, மனசுக்குள் தன்னை ஒரு பெரிய காதல் கதையின் நாயகியாக உடுத்தி வைத்திருக்கிறாள். அந்த உடையைத்தான் க்ளாட்ஸ் தைத்து வெளியே காட்டுகிறார். விருந்து உடையில் பாடியிருந்தால் பாவம், ஏமாந்து போன பெண் என்று நாம் இரக்கப்பட்டுவிட்டுப் போயிருப்போம். கவுனில் பார்க்கும்போது இந்த ஏமாற்றத்தை அவளே எவ்வளவு ஆசையாக வளர்த்திருக்கிறாள் என்று தெரிகிறது.

பச்சை டிரஸ் பத்தி ஏதோ ஒரு வரி வருமே, அது இந்தப் பாட்டுலயா?

இதில் இல்லை. அதற்கு முன்னால், சாலியும் பென்னும் சேர்ந்து பாடும் ‘டூ மெனி மார்னிங்ஸ்’ பாட்டில் வருகிறது. இன்றைக்கு எதைப் போடுவது என்று எவ்வளவு யோசித்தேன், பச்சையைப் போட்டிருக்க வேண்டும், கடைசியாக சந்தோஷமாக இருந்த அன்றைக்குப் பச்சைதான் போட்டிருந்தேன் என்கிற மாதிரி சாலி சொல்கிறாள்.

அந்த வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும். 30 வருஷம் கழித்து ஒருவனைப் பார்க்கப் போகும் பெண், பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்ற நேரமெல்லாம் அதில் இருக்கிறது. பார்த்துப் பார்த்து உடுத்திக்கொண்டு வந்தும் தப்பான நிறத்தில் வந்துவிட்டோம் என்று நினைக்கிறாள். இவளுக்கு உடையில் இவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்று நமக்கு முன்னாலேயே சொல்லி வைத்துவிட்டார்கள். அதனால் வெள்ளி கவுன் திடீரென்று வானத்திலிருந்து விழுந்ததாகத் தோன்றுவதில்லை. (இந்த வரியை மறந்துவிட்டு சாலிக்குப் பச்சை விருந்து உடை தைக்கிறவர்கள் தயவுசெய்து பாட்டுப் புத்தகத்தை ஒருமுறை படியுங்கள்.)

நடுவுல இடைவேளையும் இல்ல. டிரஸ் மாத்த நேரம் எங்க இருக்கு?

நல்ல கேள்வி. 1971-இல் இடைவேளை இல்லாமல்தான் நடத்தினார்கள். ஆனால் லவ்லேண்ட் தொடங்கியதும் முதலில் பாடுவது இளம் வயது ஜோடிகள். அடுத்து பட்டியின் காட்சி. அது வேகமான பழைய காலத்துக் கோமாளி வேஷம். அதில் வரும் ‘சாலி’யை ஆட்டக் குழுவிலிருந்து வேறொரு பெண் நடிப்பாள். நிஜ சாலி அந்த நேரமெல்லாம் பக்கத்திரைக்குப் பின்னால் இருக்கலாம்.

நேரம் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பட்டியின் காட்சியில் நாம் பார்ப்பது அவன் மனசில் இருக்கும் சாலி. மிகையான, கேலியான உருவம். பார்த்துச் சிரித்து முடித்தவுடன் நிஜமான சாலி கவுனோடு வந்து நிற்கிறாள். புருஷன் அவளைப் பார்க்கும் விதம் ஒன்று, அவள் தன்னைப் பார்க்கும் விதம் இன்னொன்று. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிட்டார்கள். இரண்டிலும் ஃபீனிக்ஸில் இருக்கும் அந்தப் பெண் இல்லை.

இது பழைய பாட்டோட காப்பின்னு ஒருத்தர் சொன்னார். நிஜமா?

காப்பி இல்லை, பாணி. ‘ஃபாலிஸ்’ பாடல்களில் பாதிக்கு மேல் ஒரு பழைய பாடலாசிரியரின் கை ஜாடையில் எழுதப்பட்டவை. இந்தப் பாட்டுக்கு கெர்ஷ்வின் சகோதரர்களின் ‘த மேன் ஐ லவ்’ மாதிரி என்று சாண்ட்ஹைமே சொல்லியிருக்கிறார். வரிகளில் பாடலாசிரியர் டாரதி ஃபீல்ட்ஸின் சாயல் என்றும் சொல்லியிருக்கிறார். ஃபீல்ட்ஸின் பலமே அன்றாடப் பேச்சை எடுத்துப் பாட்டாக்குவது. காபிக் கோப்பை அங்கேயிருந்து வந்ததுதான்.

‘த மேன் ஐ லவ்’ பாட்டின் கதையும் சுவாரஸ்யமானது. 1924-இல் ‘லேடி, பீ குட்’ நாடகத்துக்கு எழுதி, அதிலிருந்து தூக்கிவிட்டார்கள். பிறகு வேறு இரண்டு நாடகங்களில் சேர்க்கப் பார்த்தும் பிராட்வே மேடைக்கு வந்து சேரவில்லை. நாடகத்தில் இடம் கிடைக்காமலே உலகம் முழுக்கப் பரவிய பாட்டு அது. ‘லூசிங் மை மைண்ட்’ பாட்டும் உலகம் முழுக்கப் பரவியது, ஆனால் அதற்கு நாடகத்தில் அசைக்க முடியாத இடம் இருக்கிறது. அந்த இடத்தைப் பலரும் பார்ப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஆல்பத்துல கேட்டா மனசு உருகுது. நீங்க என்னமோ கிறுக்கு, வேஷம்னு சொல்றீங்களே?

உருகட்டும், தப்பே இல்லை. உருக வைக்கத்தான் எழுதியிருக்கிறார்கள். சாலியின் வலி நிஜம். அவள் அதைப் போர்த்திக்கொண்டிருக்கும் விதம்தான் கனவு. காதால் மட்டும் கேட்கும்போது முதலாவது மட்டும் கிடைக்கிறது. கண்ணும் சேர்ந்தால்தான் இரண்டாவது வருகிறது.

பாட்டின் நடுவில், வீட்டுத் தரையில் இடமும் போகாமல் வலமும் போகாமல் நிற்கிறேன் என்று சொல்லும் இடத்தைக் கவனியுங்கள். மேடையில் அப்போது அவள் வெளிச்சத்துக்கு நடுவில், அசைய முடியாத கவுனில், அசையாமல் நிற்கிறாள். ஒரு நட்சத்திரம் அப்படி நின்றால் அது கம்பீரம். ஒரு குடும்பப் பெண் நடுவீட்டில் அப்படி நின்றால் பக்கத்தில் இருப்பவர்கள் பயந்துபோவார்கள். இரண்டும் ஒரே நிற்றல்! இதை எந்த ஒலிப்பதிவாலும் கொடுக்க முடியாது.

எல்லாரும் பாடுற பாட்டு. இதைப் போய் போதுமான மதிப்பு கிடைக்கலைன்னு எப்படிச் சொல்றீங்க?

மெட்டுக்கு மதிப்பு கிடைத்திருக்கிறது. காட்சிக்குக் கிடைக்கவில்லை. கச்சேரிகளில் எத்தனையோ பேர் இதைத் தனிப்பாட்டாகப் பாடுகிறார்கள். கறுப்பு உடை, ஒரு ஸ்டூல், கண்ணில் நீர். சாதாரணக் காதல் தோல்விப் பாட்டாக அது அங்கே நன்றாகவே நிற்கிறது. ஆனால் அப்படிக் கேட்டுப் பழகியவர்கள் நாடகத்தைப் பார்க்க வரும்போது, சாலி ஏன் இவ்வளவு அலங்காரமாக வருகிறாள், சோகம் கெட்டுப்போகிறதே என்கிறார்கள். என்னிடமே பலர் சொல்லியிருக்கிறார்கள். கவுன் வேண்டாத ஆடம்பரமாகத் தெரிகிறது என்றால், பாட்டில் பாதி அவர்களுக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

லைசா மினெல்லி பாடின டான்ஸ் பாட்டும் இதுதானா?

அதுவேதான். 1989-இல் பெட் ஷாப் பாய்ஸ் என்ற பிரிட்டிஷ் பாப் குழு தயாரித்தது. பிரிட்டனின் பாடல் விற்பனைப் பட்டியலில் 6-ஆவது இடம் வரை போனது. தாளம் தடதடவென்று ஓடும், குரல் அதன் மேல் விடாமல் ஏறிக்கொண்டே போகும். பலர் இதைக் கேலி என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு இது பிடிக்கும். மெதுவாகப் பாடும்போது சோகமாகத் தெரிகிற நினைப்பு, அந்த வேகத்தில் பிடிவாதமாகத் தெரிகிறது. பிடிவாதம் சாலியிடம் நிறையவே இருக்கிறது.

சோகப் பாட்டுன்னா கிழிசல் டிரஸ்தானே பொருத்தம்? மினுமினுப்பு எதுக்கு?

கிழிசலுக்கும் பெரிய வரலாறு இருக்கிறது, அதுவும் நிஜமான சீக்ஃபெல்ட் ஃபாலிஸிலேயே. 1921-இல் ஃபேனி ப்ரைஸ் ‘மை மேன்’ என்ற பாட்டைப் பாடினார். பிரெஞ்சுப் பாட்டு ஒன்றிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. ஒத்திகைக்கு நன்றாக அலங்கரித்துக்கொண்டு வந்த ப்ரைஸின் உடையை சீக்ஃபெல்ட் கிழித்து அழுக்காக்கி, இப்படியே பாடு என்றார் என்பது பிராட்வேயில் காலம் காலமாகச் சொல்லப்படும் கதை. அதுவரை சிரிப்பு நடிகையாக இருந்தவர் விளக்குக் கம்பத்தில் சாய்ந்து நின்று பாடி சனங்களை அழவைத்தார். அப்போது அவர் கணவர் பத்திரத் திருட்டு வழக்கில் மாட்டியிருந்தார். பத்திரிகை படித்த எல்லோருக்கும் அது தெரியும்.

அங்கே கந்தல் பொருத்தம். பாட்டில் வருபவளுக்குத் தான் இருக்கும் நிலை தெரியும், தெரிந்தேதான் அவனை விடமாட்டேன் என்கிறாள். சாலிக்குத் தன் நிலை தெரியாது. கந்தல் போட்டால் தெரிந்தவளாகிவிடுவாள். அதனால் பாட்டு எவ்வளவு சோகம் என்று பார்த்து உடையை முடிவு பண்ணக் கூடாது. பாடுகிறவள் தன்னை யாராக நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று பார்க்க வேண்டும்.

ஆனா எல்லாரும் பேசுறது ஃபிலிஸோட சிவப்பு டிரஸ்ஸைப் பத்தித்தானே?

ஆமாம். சாலிக்கு அடுத்து வரும் ஃபிலிஸின் ‘லூசி அண்ட் ஜெஸ்ஸி’ ஆட்டத்தில் அலெக்ஸிஸ் ஸ்மித் சிவப்பு உடையில் காலை வீசி ஆடினார். சிறந்த நடிகை விருதும் அவருக்குத்தான். அசைகிற உடை கண்ணை இழுக்கும். 1987-இல் லண்டனில் டயானா ரிக் ஃபிலிஸாக நடித்தபோது இந்தப் பாட்டை எடுத்துவிட்டு, ஒவ்வொரு உடையாகக் களையும் வேறு பாட்டை எழுதிக் கொடுத்தார் சாண்ட்ஹைம்.

இரண்டையும் ஒன்றாகப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். நிற்கிற வெள்ளிக்கு அடுத்து ஆடுகிற சிவப்பு வரும்போதுதான் இரண்டு பெண்களுக்கும் உள்ள வித்தியாசம் முழுசாகத் தெரியும். சிவப்பு தனியாகப் பேசப்படுவதில் வெள்ளிக்கு மட்டும் இல்லை, சிவப்புக்கும் நஷ்டம்.

எங்க கல்லூரியில இந்தக் காட்சியைப் போடப் போறோம். பணம் இல்ல, கறுப்பு கவுன் போதுமா?

கறுப்பு வேண்டாம். கச்சேரி ஞாபகம் வந்துவிடும், கதை போய்விடும். வெளிர் சாம்பல் நிறத்தில் நல்ல கனமுள்ள சாட்டின் அல்லது க்ரேப் எடுத்து கிராஸ் கட்டில் தையுங்கள். உடை முழுக்க மணி வைக்க வேண்டியதில்லை. தோள், கழுத்து, இடுப்பு வரை வெளிச்சம் விழும். அங்கே ஆரி வேலை செய்கிறவரிடம் கொடுத்து மணியும் சமிக்கியும் வைத்தால் போதும். கீழே போகப் போகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கனமும் குறையும், முன்னால் சொன்ன ஓரம் இறங்கும் தொந்தரவும் குறையும்.

துணியை வாங்குமுன் மேடை விளக்கில் பிடித்துப் பாருங்கள். கடை டியூப்லைட்டில் வெள்ளியாகத் தெரிவது மஞ்சள் வெளிச்சத்தில் அழுக்கு வெள்ளையாகும். இன்னொன்று, மைக். இந்த மாதிரி கவுனில் இடுப்பில் மைக் பெட்டி வைத்தால் கட்டி மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். விக்குக்குள் வைத்துவிடுங்கள், பெரிய மேடைகளிலும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பாடும்போது அழலாமா?

கடைசி வரை அழாமல் இருப்பது நல்லது. சாலி தன் கனவில் வெற்றி பெற்றவள். நட்சத்திரமாக நிற்கிறாள், சந்தோஷமாகவே தொடங்கட்டும். கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது கவுனுக்குள் இருக்கும் ஃபீனிக்ஸ் பெண் எட்டிப் பார்த்தால் போதும். முதல் வரியிலேயே அழுதுவிட்டால் அப்புறம் போக இடம் இருக்காது. கையையும் சும்மா விடுங்கள். இரண்டு கையும் கவுனை ஒட்டித் தொங்கினாலே அழகு.

அப்ப எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்? 1971 நாடகத்தோட வீடியோ கிடைக்குமா?

1971 மேடையேற்றத்தை முழுசாகப் படம் பிடித்து யாரும் வெளியிட்டதில்லை. அப்போதைய இசைத்தட்டில் டாரதி காலின்ஸின் குரல் இருக்கிறது. அந்தத் தட்டை ஒரே எல்பியில் அடக்குவதற்காகப் பல பாடல்களை வெட்டியும் விட்டும் போட்டார்கள். அதனால் நாடகத்தின் ஓட்டம் அதில் கிடைக்காது. 1985-இல் நியூயார்க் ஃபில்ஹார்மானிக் குழுவோடு நடந்த கச்சேரியில் பார்பரா குக் பாடியது குரலுக்காகக் கேட்க வேண்டியது; ஆனால் அது கச்சேரி, நாடகக் காட்சி கிடையாது. அதற்கப்புறம் மேடையில் சாலியாக வந்தவர்களில் 1987 லண்டனில் ஜூலியா மெக்கென்ஸி, 2011 பிராட்வேயில் பெர்னடெட் பீட்டர்ஸ், 2017 லண்டன் நேஷனல் தியேட்டரில் இமெல்டா ஸ்டான்டன் முக்கியமானவர்கள். 2011 உடைகளுக்கு க்ரெக் பார்ன்ஸ் டோனி வாங்கினார். 2017 மேடையேற்றத்தைத் திரையரங்குகளுக்கு ஒளிபரப்பினார்கள்.

என் யோசனை இது: முதலில் காலின்ஸ் பாடியதைக் கேளுங்கள். பிறகு 1971 கவுனின் புகைப்படம் ஒன்றைத் தேடி எடுத்து, அதைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தடவை கேளுங்கள். காபிக் கோப்பை வரும் வரியில் படத்திலிருந்து கண்ணை எடுக்காதீர்கள்.